இங்கிலீசில் எல்லோரும் ராமன்

இன்னாசிமேரிக்கு ஆங்கிலம் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. கருங்குட்டை கிராமத்துக்கு ஆங்கிலத்தைக் கொண்டுவந்த மகராசி என்று ராசிபுரம் பக்கத்தில் அவளைப் பற்றி ஆளாளுக்கு அளந்துகொண்டிருக்கிறார்கள். அவள் காதில் விழுந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஆங்கில எழுத்துகள் தெரியும். எழுத்துக்கூட்டிப் பஸ்ஸின் பெயரைப் படிப்பாள், தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவாள். அதற்குமேல் யாராவது கேட்டால் தலைவலி என்று எழுந்து போய்விடுவாள்.

சேலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். தகப்பனார் மிக்கேல் மேசை நாற்காலி செய்கிற தச்சர். மரத்தூளுக்கும் உளிக்கும் நடுவில் பெண் வளர வேண்டாம் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அவர்கள் அவளை ஆசிரியையாக்கி அனுப்பினார்கள். நல்ல குரல் அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே கோயிலில் பாட்டுக்குழுவில் நின்றாள். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில்தான். சாமியார் பீடத்தில் நின்று ஒன்று சொல்வார், இவர்கள் ராகம் போட்டுப் பதில் சொல்வார்கள், இடையிடையே சிறுமணி அடிக்கும். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஒரு சொல்லும் பிசகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கட்டிக்கொண்டது லாசரை. சேலம் நாமக்கல் தடத்தில் பஸ் கண்டக்டர், வாய் சும்மா இருக்காத ஆசாமி. அவளுக்கு வேலை கிடைத்தது கருங்குட்டை ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில். ராசிபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் புருஷனுடைய பஸ்ஸிலேயே ஏறி, கருங்குட்டைக்கு வழி பிரிகிற பிரிவில் இறங்கி, கடலைக் காட்டு வழியே நடந்து போவாள். "எல்லாரும் வழி உடுங்க, டீச்சரம்மா எறங்கறாங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி லாசர் கத்துவான். அவள் முறைத்துவிட்டு இறங்குவாள். தினமும் இதே கூத்துத்தான்.

அவளுடைய வகுப்பு எட்டாவது. அதுதான் அந்தப் பள்ளியில் கடைசி வகுப்பு, அங்கேதான் சிக்கலும். எட்டாவது தேறியவர்கள் மேலே படிக்க ராசிபுரம் போக வேண்டும். அங்கே சேர்க்கும்போது முதலில் கேட்பது, ஆங்கிலம் படித்திருக்கிறாயா என்பதுதான். கருங்குட்டையில் ஆங்கிலம் கிடையாது. ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் ஒருவர் ஒரு முறை வந்தார். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார். அதன் பிறகு யாரும் வரவில்லை. தலைமையாசிரியர் அருணகிரிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. "இவங்க அப்பன் பாட்டனெல்லாம் இங்கிலீஷ் படிச்சுட்டுத்தான் கடலை போட்டாங்களாக்கும்?" என்பார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கேயும் தலைமை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் அந்த வகுப்பில் ராசாத்தி இருந்தாள். கூலி வேலை செய்யும் மாதையனின் மகள். கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அடுத்த கணக்கு எங்கே என்று முகத்தைப் பார்க்கிற பெண். பள்ளி திறந்த மாதத்திலேயே மாதையன் வந்து, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஏனுங்க டீச்சரம்மா, ராசிபுரத்துல எடுத்துக்கிட்டாங்கன்னா புள்ளயக் கொண்டுபோயி ஆஸ்டல்ல உட்டர்றேனுங்க. எடுத்துக்கலீன்னா அவங்காத்தாகூடக் காட்டு வேலைக்குப் போகட்டும். அவ மாமன்காரன் வேற பரிசம் போட வாரேன்னுட்டு இருக்கறான். நானு எத்தன நாளைக்கு நிறுத்தி வெக்கறதுங்க?"

"ஒரு வருசம் நிறுத்தி வைங்க" என்றாள் இன்னாசிமேரி. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

வழி கிடைத்தது பஞ்சாயத்து ஆபீசில். அங்கே அரசாங்கம் கொடுத்த ரேடியோ ஒன்று மர அலமாரிக்குள் இருந்தது. சாயங்காலம் உழவர்களுக்கான நிகழ்ச்சி வரும்போது மட்டும் அதைத் திறப்பார்கள். ஒரு நாள் பிற்பகல் சாக்கட்டி கேட்டு அவள் அங்கே போனபோது, காவல்காரன் வெயிலுக்குச் சினிமாப் பாட்டுக் கேட்கலாம் என்று திருப்பிவிட்டு, பாட்டு அகப்படாமல் அப்படியே தூங்கிப் போயிருந்தான். ரேடியோவில் ஒரு அம்மாள் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறாள். ஒரு வாக்கியம். பிறகு சத்தமே இல்லை. மறுபடி ஒரு வாக்கியம். மறுபடி சத்தமில்லை.

பெட்டி பழுதோ என்று இன்னாசிமேரி முதலில் நினைத்தாள். நின்று கேட்டதும் புரிந்தது. பள்ளிக்கூடங்களுக்காகத் திருச்சியிலிருந்து வருகிற பாடம் அது. அந்த அம்மாள் பேசிவிட்டு, எங்கோ இருக்கிற பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்காகப் பொறுத்திருக்கிறாள். இங்கே பதில் சொல்ல ஆள் இல்லை, காவல்காரனுடைய குறட்டைதான் போய்க்கொண்டிருந்தது. இன்னாசிமேரிக்கு அந்த அம்மாளை நினைத்து வெட்கமாகிவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் பெரியசாமியிடம் போய்க் கேட்டாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"வெள்ளாமைக்குன்னு குடுத்த பொட்டிங்க அது. செரி, அதுல கொஞ்சம் இங்கிலீசும் வெளைஞ்சா வேண்டாம்னா சொல்லப்போறேன்? கூட்டியாங்க புள்ளைகள" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அப்படி ஆரம்பித்தது. பாடம் வருகிற நாட்களில் எட்டாம் வகுப்பு வரிசையாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து போகும். முதல் சில நாள் ஒரே கூச்சல். ரேடியோ அம்மாள் பேசும்போதே பாதிப் பேர் கத்துவார்கள். அவள் பொறுத்திருக்கும்போது வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாக்கியம் வரும்போது முந்தின வாக்கியத்துக்குப் பதில் போகும். இன்னாசிமேரி ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த வித்தையை எடுத்துவிட்டாள். புரியாத பாஷையில் பதில் சொல்லப் பழகியது அவள் கோயிலில்தானே? பித்தளை மணி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அம்மாள் பேசி முடித்ததும் மணி. மணி அடித்தால் எல்லோரும் ஒரே குரலில், ஒரே ராகத்தில். மணி அடிக்காமல் எவனாவது வாயைத் திறந்தால் காதைத் திருகுவாள்.

மந்திரம் போட்டது போல வேலை செய்தது. ஆவணி முடிவதற்குள் கருங்குட்டைப் பிள்ளைகள் ரேடியோவோடு சேர்ந்து ஆங்கிலத்தைப் பாடினார்கள் என்றே சொல்ல வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெரியசாமி தன் மைத்துனரை ஊரிலிருந்து வரவழைத்துக் காட்டினார். இன்னாசிமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமையாசிரியரை நச்சரித்து மேலே எழுத வைத்தாள். டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இங்கே ஆங்கிலம் நடக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், ராசிபுரத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் ஐப்பசியில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் குடை, நிதானமான பேச்சு. பெரியசாமி வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து "குட் மார்னிங் சார்" என்று ராகத்தோடு சொன்னார்கள். மத்தியானம் மார்னிங்கா என்று அவர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே குடையைத் தூக்கிப் பிடித்தார்.

"வாட் ஈஸ் திஸ்?"

ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் நேராக உட்கார்ந்து, பயமே இல்லாமல், வாயைத் தயாராக வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். மறுபடி பேச்சில்லை. இன்னாசிமேரிக்குக் காரணம் தெரிந்துபோயிற்று, இன்னும் மணி அடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் மணியை அடித்தாள்.

"திஸ் ஈஸ் எ புக்!" என்று வகுப்பு முழங்கியது.

இன்ஸ்பெக்டர் தன் குடையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு கடைசி வரிசையில் இருந்த சண்முகவேலைக் காட்டி, "வாட் ஈஸ் யுவர் நேம்?" என்றார். அவன் எழுந்து நின்றான். மணிக்காகக் காத்திருந்தான். இன்னாசிமேரி அடித்தாள்.

"மை நேம் ஈஸ் ராமன்!" என்றது வகுப்பு மொத்தமும். ரேடியோப் பாடத்தில் வருகிற பையனுடைய பெயர் ராமன்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தலைமையாசிரியரும் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே. முன் வரிசையில் ராசாத்தி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளிடம் தமிழில் கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

"ராசாத்திங்க."

"அப்புறம் ஏன் ராமன்னு சொன்னே?"

"இங்கிலீசுல நானு ராமனுங்க" என்றாள் ராசாத்தி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அதற்கு அவர் சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைங்களுக்கு உச்சரிப்பு நல்லா இருக்கும்மா. ஆனா இதை இங்கிலீஷ்னு நான் எழுத முடியாது. இவங்க யாரோடயும் பேசலை. பரீட்சைக்கு முன்னாடி பங்குனியில ஒரு தரம் வரேன். அப்பவும் இப்படித்தான்னா அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம் ராசாத்தி எங்கே இருப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. இன்னாசிமேரிக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறி மூலையில் உட்கார்ந்து அழுதாள். லாசர் பக்கத்தில் வந்து விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "அப்ப நீயும் இங்கிலீஷ்ல ராமனா?" என்றான். அதிலிருந்து மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரைப் பார்க்கச் சேலம் போனவள், வழக்கம் போலக் கோயிலில் பாட்டுக்குழுவில் நின்றாள். சவரிராயன் சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பி, கைகளை விரித்து, வழக்கமான சொல்லைச் சொன்னார். இவள் வாய் வழக்கமான பதிலைப் பாடியது. பாடி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகப் பதில் சொல்கிறோமே, அவர் கேட்டது என்ன?

பூசை முடிந்து சாமியாரைத் தேடிப் போய்க் கேட்டாள். கிழவர் அவளைச் சின்ன வயது ஞானோபதேச வகுப்பிலிருந்தே அறிந்தவர்.

"இதென்னம்மா, பாட்டுக்காரி கேக்கற கேள்வியா இது? ஆண்டவர் உங்களோட இருக்கட்டும்னு நான் சொல்றேன். உங்களோடயும் இருக்கட்டும்னு நீங்க எனக்குச் சொல்றீங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா சாமி?"

"வேற என்ன? எதிர்ல வர்றவனுக்கு நாம சொல்ற மாதிரிதான். நீங்க திருப்பிச் சொன்னாத்தான் எனக்கும் பீடத்துல நிக்கத் தெம்பா இருக்கும்."

இன்னாசிமேரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த இடத்தை ஏதோ எட்டாத மந்திரம் என்று எண்ணியிருந்தாள். ஒரு கிழவர் தன்னை நலம் வாழ்த்தியிருக்கிறார். தானும் அவரை வாழ்த்தியிருக்கிறாள். அது தெரியாமல் சுருதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைகளையும் அப்படியே ஆக்கிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. தப்பு எங்கே என்று தெரிந்த பிறகு பயமும் பாதி போய்விட்டது.

அடுத்த பாடத்தன்று பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே மணி கிடையாது. அந்தம்மா சொல்றதைத் திருப்பியும் சொல்லக் கூடாது. என்ன கேக்கறாங்களோ அதுக்கு உங்க பதிலைச் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது."

"அவங்களுக்கு நாம சொல்றது கேக்குமுங்களா?" என்றான் சண்முகவேல்.

"கேக்காது."

"பாவமுங்க. அப்ப யாருக்குங்க சொல்றது?"

"எனக்குக் கேக்குமில்ல? எனக்குச் சொல்லு."

ரேடியோ அம்மாள் அன்று, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ராமன் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டதாகச் சொன்னான். பிறகு அந்தச் சத்தமில்லாத இடம் வந்தது. இன்னாசிமேரி ராசாத்தியைப் பார்த்தாள். ராசாத்தி எழுந்து, "ஐ ஏட் களி" என்றாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். ஐ ஏட் களி, ஐ ஏட் பழைய சோறு, ஐ ஏட் நத்திங். நத்திங் சொன்ன பையன் தினமும் வெறும் வயிற்றோடுதான் வருகிறான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து லாசருக்குக் கட்டுகிற சாப்பாட்டோடு அவனுக்கும் ஒரு பொட்டலம் சேர்ந்துகொண்டது.

வகுப்பு சந்தைக் கடை ஆகிவிட்டது. பழைய அழகு போயிற்று, வண்டிக்காரர்கள் நின்று கேட்பது போயிற்று. "நல்லா இருந்ததையும் கெடுத்துட்டீங்க" என்றார் தலைமையாசிரியர். பெரியசாமிகூட மைத்துனரைக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார். அவளுக்கும் சில நாள் சந்தேகம்தான். ஆனால் பழையபடி மணியை எடுக்க மனசு வரவில்லை.

அவர்களுக்கு வேண்டிய சொற்களுக்கு எங்கே போவது? அதற்குத்தான் லாசர். மனைவி மூன்று நாள் பேசாமலிருந்ததில் ஆள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தான். பஸ்ஸில் கோட்டுப் போட்டவர், கண்ணாடி போட்டவர், காலேஜுக்குப் போகிற பையன், வக்கீல் குமாஸ்தா என்று யார் ஏறினாலும் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பான். "சார், கடலை உரிக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க? எருமை ஈன்றதுக்கு?" இரண்டு படித்தவர்கள் ஒரே பதிலைச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ராசிபுரத்தில் ஆரம்பித்த சண்டை மல்லூர் தாண்டியும் ஓயாது. களிக்கு மட்டும் ஒருவருக்கும் சொல் அகப்படவில்லை. "வெள்ளைக்காரன் தின்னிருந்தாத்தானே பேர் வெப்பான்!" என்றான் லாசர். வெள்ளைக்காரனிடம் இல்லாத பொருளுக்கு நம் பெயரே போதும் என்று இன்னாசிமேரி முடிவு கட்டினாள். காலையில் அவள் இறங்கும்போது படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அன்றைய சொல்லைக் கத்துவான். அவள் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே கடலைக் காட்டில் நடப்பாள். இப்போதெல்லாம் முறைப்பதில்லை.

தை மாதம் ரேடியோ மண்டையைப் போட்டது. வால்வு போய்விட்டது என்று சேலத்துக்கு அனுப்பினார்கள். போனது வரவே இல்லை. தலைமையாசிரியர் அன்று மிகவும் உற்சாகமாக இருந்தார். இன்னாசிமேரி பஞ்சாயத்து ஆபீசில் காலியாகக் கிடந்த அலமாரிக்கு முன்னால் நின்றாள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் தானே ஆங்கிலத்தில் கேட்டாள்: காலையில் எங்கே போனாய்?

அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டால் திருச்சி அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருப்பாள். ஆனால் இந்த ரேடியோவுக்குக் காது இருந்தது. பதில் சொன்னால் ஓகோ என்றது, சொல் தெரியாமல் முழித்தால் தானும் கூடச் சேர்ந்து முழித்தது, தப்பாகச் சொன்னால் நாளைக்குக் கண்டக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது. பிள்ளைகள் இடைவேளையிலும் அவளைத் தேடி வந்து அரைகுறை ஆங்கிலத்தில் ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தார்கள். கிணற்றில் விழுந்த ஆட்டைப் பற்றி ராசாத்தி முழுசாகச் சொல்லி முடித்த அன்று, இன்னாசிமேரி அந்த ஆட்டுக்காக வருத்தப்பட்டாள். அது ஆங்கிலத்தில் வந்தது என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

பங்குனியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், உச்சி வெயிலில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பிரிவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். செருப்பெல்லாம் புழுதி. பெரியசாமி ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தலைமையாசிரியர் விழுந்தடித்துக்கொண்டு நாற்காலி போட்டார். அதோடு தன் கடமை முடிந்தது என்று ஒதுங்கி நின்றார். இன்ஸ்பெக்டருக்கும் அன்று முகம் சரியாக இல்லை. உட்கார்ந்ததும் கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

சண்முகவேல் தன் பெயரை சண்முகவேல் என்றே சொன்னான். குடையைக் குடை என்றார்கள். உன் ஊர் என்ன, உன் வீட்டில் யார் யார், நேற்று என்ன செய்தாய் என்று கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. வேகம் இல்லை. இலக்கணம் அங்கங்கே நொண்டியடித்தது. இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இதையும் மனப்பாடம் பண்ண வைத்திருப்பாளோ என்று அவர் சந்தேகப்படுவது போல இன்னாசிமேரிக்குத் தோன்றியது. கடைசியில் அவர் ராசாத்தியை எழுப்பினார்.

எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வியாக அவர் தேடிப் பிடித்தார். உனக்கு எதற்கு ஆங்கிலம், படித்து என்ன செய்யப் போகிறாய் என்று நீளமாக ஆங்கிலத்தில் கேட்டார். ராசாத்திக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போயிற்று. தலைமையாசிரியர் விட்டத்தைப் பார்த்தார். இன்னாசிமேரி உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். இந்த ஒரு பெண்ணுக்காகத்தானே இத்தனையும், இவள் வாயா அடைத்துக்கொள்ள வேண்டும் என்று கண் கலங்கியது.

ராசாத்தி அவர் உதடு காய்ந்திருப்பதையும், அவர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், டிட் யூ ஈட்?"

இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தவர், அதை விட்டுவிட்டார். ஒரு நிமிஷம் அவர் இன்ஸ்பெக்டராக இல்லை.

"நோ" என்றார். "நோ. ஐ டிட் நாட்."

காலையில் அவர் பார்த்த பள்ளிக்கூடத்தில், ஐயாவுக்குச் சாப்பாடு கருங்குட்டையில் என்று விட்டுவிட்டார்கள். கருங்குட்டைத் தலைமையாசிரியரோ, ஐயா அங்கேயே சாப்பிட்டிருப்பார் என்று விட்டுவிட்டார். நடுவில் அந்த மனிதர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வகுப்பு மொத்தமும் எழுந்துவிட்டது. "அய்யய்யோ, ஐயா இன்னுஞ் சாப்புடலீங்களாமா!" என்று ஒரே இரைச்சல். நத்திங் சாப்பிட்ட பையன் தன் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். சண்முகவேல் தண்ணீருக்கு ஓடினான். யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. இன்னாசிமேரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கம் சார்" என்றாள் ராசாத்தி. "மை ஹவுஸ் ஈஸ் நியர்."

தலைமையாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கூலிக்காரர் தெரு என்றும், தலைவர் வீட்டில் ஏற்பாடு செய்துவிடலாம் என்றும் என்னென்னவோ குழறினார். இன்ஸ்பெக்டர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் கேட்டதுக்கு அந்தப் பொண்ணு பதில் சொல்லலை. அது கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன்" என்றார் இன்னாசிமேரியிடம். "இதுக்கு மேல நான் சோதிக்கறதுக்கு என்னம்மா இருக்கு? எழுதிடறேன்."

எழுதினார். பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். பள்ளி திறந்ததும் ராசாத்தி ராசிபுரத்தில் சேர்ந்தாள், பரிசம் போட வந்த மாமன் வந்த வழியே போனான். இன்னாசிமேரி பணியில் இருந்த வரைக்கும் கருங்குட்டையில் எட்டாவதுக்கு ஆங்கிலம் நின்றதில்லை. அவளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டதா என்று கேட்டால் அவள் இப்போதும் தலைவலி என்றுதான் சொல்வாள்.

அன்றைக்கு வெயிலில் அந்த ஊர்வலம் தெருவுக்குள் போயிற்று. முன்னால் ராசாத்தி, அவள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர், அப்புறம் இன்னாசிமேரி, அப்புறம் வகுப்பு மொத்தமும். ராசாத்தியின் அம்மா கந்தம்மாள் வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வருகிற கூட்டத்தைப் பார்த்ததும், மடியிலிருந்த கடலையெல்லாம் கீழே கொட்ட எழுந்து நின்றாள். மகள் என்ன தப்புச் செய்தாளோ என்று முகம் வெளிறிவிட்டது.

"ஏன்டி, ஆரு இவரு? இவரு எதுக்கு நம்ம ஊட்டுக்கு வாராரு?"

"இவருக்குப் பசிக்குதாம் அம்மா" என்றாள் ராசாத்தி. "எங்கிட்ட இங்கிலீசுல சொன்னாரு."